மேடைக்கு மேலே ஈரம்

மதுரை ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடும் தூரத்தில் இருக்கிற ஒரு ஹோட்டலில் நான் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார், குளியலறைக் குழாய் எல்லாமே என் தலையில்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாதது மொட்டை மாடி ஒன்றுதான். லிஃப்ட் நின்றால் அடுத்த நிமிடம் போன் வந்துவிடும். மாடியில் ஏதாவது கெட்டால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, தளத்துக்குள்ளேயே ஓடி, சம்பந்தமே இல்லாத இன்னோர் இடத்தில் வந்து நிற்கும். அதுவரை நமக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் கட்டடத்தின் கடைசி மாடியில் விருந்து மண்டபம். அதற்கு நேர் மேலே மொட்டை மாடி. போன கோடையில் முதலாளி அங்கே ஓர் உணவகம் திறந்தார். சாப்பிட்டுக்கொண்டே கோபுரத்தைப் பார்க்கலாம் என்று விளம்பரம். பாதி மாடிக்கு இரும்புத் தூண் நட்டு ஷீட் போட்டார்கள். மீதிப் பாதியில் பச்சைச் செயற்கைப் புல்லை விரித்து மேசை நாற்காலி போட்டார்கள். தூண்களை நிறுத்த, தளத்தைத் துளைத்து போல்ட் முடுக்கினார்கள். துளை போடும் சத்தம் மண்டபத்தில் கேட்டதும் நான் படியேறி ஓடினேன்.

"தளத்துல துளை போடாதீங்கண்ணே. பதிச்ச தட்டோட்டுக்கு மேல சின்னதா கான்கிரீட் திண்டு கட்டி, அதுல நிறுத்துங்க" என்றேன்.

"எங்களுக்குக் குடுத்த பிளான்ல இப்படித்தாம்மா இருக்கு" என்றார் வேலை செய்தவர்.

மேலாளரிடம் போனேன். "அதான் பாயைக் கூப்பிட்டு பூச்சு அடிக்கப் போறோம்ல. எல்லாம் அடைச்சிரும்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

பாய் கோரிப்பாளையத்துக்காரர். ஊரில் பல லாட்ஜ்களின் மாடிகளுக்கு ஒழுகாமல் பூச்சு அடித்துக் கொடுப்பவர். தூண்களைச் சுற்றி இரண்டு முறை அடித்தார். அடித்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இரும்பு வெயில்ல விரியும்மா, பூச்சும் அதோட இழுபடும். எம்புட்டு நாளைக்கு நிக்கும்னு நான் எப்படிச் சொல்ல? ஒழுகுச்சுன்னா போல்ட்டைச் சொல்ல மாட்டாங்க, பாயைத்தான் சொல்லுவாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்த மறுநாள், மண்டபத்தின் ஃபால்ஸ் சீலிங்கில் மேடைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர் நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. மேலாளரைக் கூட்டிவந்து காட்டினேன். மதியத்துக்குள் பெயிண்டர் வந்து வெள்ளை அடித்துவிட்டுப் போனார். கறை மறைந்தது. அதன்பிறகு மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கண் அந்த இடத்துக்குத்தான் போனது. சாப்பிட உட்கார்ந்தால்கூட, இப்போது மேலே என்ன ஆகிக்கொண்டிருக்கும் என்றுதான் மனசு ஓடும். வீட்டில் கணவர், "உன் மாடி உன்னய விட்டு இறங்கவே மாட்டேங்குதே" என்பார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டார் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள். மதியமே வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணின் அம்மா உயரமானவர், சத்தம் போடாமல் ஆட்களை வேலை வாங்குகிறவர். வந்ததும் மேடை, சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை எல்லாவற்றையும் தானே நடந்து பார்த்தார்.

நான் மாடியில் நின்று தென்மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அதுதான் கணக்கு. திருப்பரங்குன்றம் மலை கண்ணுக்கு மறைந்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் மழை ரயில் நிலையத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு மலை இருந்த இடம் தெரியவில்லை. நான் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், மேடைக்கு மேல உள்ள தூணு எனக்குச் சரியாப் படல. இன்னைக்கு விசேஷம் இருக்கு."

"வண்டிய எடுத்துட்டேன், வாரேன்" என்றார்.

அவர் வருவதற்குள் மழை வந்துவிட்டது. மாடியில் தண்ணீர் வடியவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. செயற்கைப் புல் விரிப்பு ஓரங்களில் எழும்பி மிதந்தது. விரிப்பைப் போட்டவர்கள் வடிகுழாய் வாய்களையும் சேர்த்து மூடிவிட்டிருந்தார்கள். பெரிய மழை வந்த பிறகுதான் அது தெரிந்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு தூணின் அடியும் முழுகிக் கிடந்தது. சமையலறையிலிருந்து கத்தி வாங்கிவந்து நான் விரிப்பைக் கிழிக்க ஆரம்பித்தேன். நனைந்துகொண்டே வந்த பாயும் பேண்டை மடித்துவிட்டு மறுபக்கத்திலிருந்து கிழித்தார். ஒரு குழாயின் வாயைத் திறந்ததும் தண்ணீர் சுழன்று இறங்கத் தொடங்கியது. ஆனாலும் மெதுவாகத்தான் இறங்கியது.

"மேல குறையும். ஏற்கெனவே உள்ள போனது?" என்றார் பாய்.

இருவரும் கீழே இறங்கினோம். மண்டபத்தில் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. நாகஸ்வரக்காரர்கள் ஓர் ஓரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் அறையை விட்டு வரவில்லை. மேடையில் அவர்களுக்கான சோபா காலியாக இருந்தது. அதற்கு நேர் மேலே, வெள்ளை அடித்த இடத்தைச் சுற்றி, சீலிங் ஒரு தலையணை அளவுக்குக் கீழே தொங்கியது. பூ அலங்காரத்துக்கு நடுவே தெரியாதவர்களுக்கு அது தெரியாது. எனக்கு வேறு எதுவுமே தெரியவில்லை.

மேலாளரைத் தனியே அழைத்தேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சொட்டலையே" என்றார்.

"சொட்டுனா தேவல சார். சொட்டாம தேங்கி நிக்கிறதுதான் பயம். மொத்தமா இறங்கிரும்."

"இம்புட்டு சனத்தை வச்சுக்கிட்டு இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்கன்னு மைக்குல சொல்லவா? அவனவன் போன்ல படம் எடுத்துப் போட்டுருவான். ரெண்டு மணி நேரம் தள்ளுனா முடிஞ்சிரும். பாத்துக்கலாம்."

அவரும் பயந்துபோயிருந்தார். முதலாளி ஊரில் இல்லை. ஏதாவது ஆனால் முதல் கேள்வி இவருக்குத்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, பார்க்கக் கூடாது என்று நினைத்தபடி மறுபடி மறுபடி மேலே பார்த்தார்.

நான் மேடைப் பக்கம் போய் நின்றேன். என் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பெண்ணின் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்ன தாயி, வந்ததுலருந்து அண்ணாந்தே பாத்துக்கிட்டு இருக்க?"

மேலாளர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லத்தான் வாய் வந்தது. அந்தச் சோபாவில் ஒரு பெண் வந்து உட்காரப் போகிறாள் என்ற நினைப்பு வந்ததும் அந்த வார்த்தை நின்றுவிட்டது.

"சீலிங்குல தண்ணி கோத்திருக்கும்மா. எப்ப வேணாலும் விழலாம். விழாமலும் போகலாம். எனக்குத் தெரியல. ஆனா பொண்ணை இங்க உக்கார வைக்காதீங்க."

அவர் மேலே பார்த்தார். முகம் மாறவில்லை. கை மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தது.

"சனத்தை எந்திரிக்க வைக்கணும். அம்புட்டுத்தான?"

"ஆமாம்மா. பதறாம."

அவர் நேராக நாகஸ்வரக்காரர்களிடம் போய் ஏதோ சொன்னார். வாசிப்பு நின்றது. பிறகு முன்வரிசையில் இருந்த பெரியவர்களிடம் குனிந்து, "மழைக்குள்ள ஊர் போய்ச் சேரணும்ல, பந்திய இப்பவே போடச் சொல்லிட்டேன். மாப்ள வீட்டுக்காரவுகளை முதல்ல கூட்டிட்டுப் போங்க" என்றார். ஒரு தம்பியை அனுப்பி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அறையிலேயே இருக்கச் சொன்னார். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சாப்பாடு என்றதும் கூட்டம் தானாக எழுந்து பக்கத்துக் கூடத்துக்கு நகர்ந்தது. கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவரே அதன்மேல் சாய்ந்துகொண்டு வெளியே நின்றார்.

மேடைப் பக்க விளக்குகளின் மின்சாரத்தை முதலில் நிறுத்தச் சொன்னேன். பாயும் மேலாளரும் சோபாவை இழுத்துப் போட்டார்கள். பல்பு மாற்றுகிற சக்கர ஏணியை உருட்டி வந்தோம். பாய்க்கு முழங்கால் வலி, ஏற முடியாது. நான்தான் ஏறினேன். வீங்கிய இடத்துக்கு நேர் கீழே நிற்காமல், கையை நீட்டினால் எட்டுகிற மாதிரி ஒதுங்கி நின்றேன். அடியில் சமையலறை அண்டாவை வைத்தார்கள். ஸ்க்ரூடிரைவரின் முனையை வீக்கத்தில் வைத்தேன்.

"குத்தும்மா. மெதுவா" என்றார் பாய்.

குத்தினேன். நனைந்த அப்பத்தில் விரலை விட்ட மாதிரி உள்ளே போனது. உருவியதும் பழுப்புத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கி அண்டாவில் விழுந்தது. சுண்ணாம்பு நாற்றம். தொங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மேலாளர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அடுத்த நொடி, நான் குத்தாத பக்கத்தில் சீலிங் பிளந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு துண்டு, கம்பி, பூச்சரம், சேறு எல்லாமாக மேடையில் போய் விழுந்தது. ஏணி ஆடியது. பாய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் முழங்கை கம்பியில் உரசி எரிந்தது. அதைத் தவிர யாருக்கும் ஒன்றும் இல்லை.

கதவுக்கு வெளியே, "ஒண்ணுமில்ல, ஏணி சரிஞ்சிருச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது. பிறகு உள்ளே வந்தார். சோபா இருந்த இடத்தில் கிடந்த குவியலைப் பார்த்தார். அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மேலாளரைப் பார்த்து, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

மேலாளர் தரையைப் பார்த்தபடி, "கறை இருந்துச்சும்மா" என்றார்.

"ம்" என்றார் அவர். எழுந்து, "வாசப்பக்கம் ரெண்டு நாற்காலியப் போடுங்க. எம்மகளை அங்க உக்கார வைக்கிறேன்" என்றார். மேடைத் திரையை இழுத்து மூடி, அதற்கு முன்னால் வாசல் பக்கமாகவே வரவேற்பு நடந்து முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், மேடைப் பக்கம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டார். கரண்ட் கோளாறு என்று சொன்னார்கள். நான் திரைக்குப் பின்னால் அண்டாவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட பிறகு பாய் ஒவ்வொரு தூணையும் சுற்றிச் செங்கல்லால் சிறு கரை கட்டினார். எது ஒழுகுகிறது என்று பார்க்க, ஒன்று ஒன்றாகத் தண்ணீர் நிரப்பினார். நான் கீழே சீலிங் பலகைகளைக் கழற்றிவிட்டுத் தளத்தின் அடியைப் பார்த்தேன். சில தூண்களில் ஒழுகவில்லை. மேடைக்கு மேலே இருந்ததில் நிரப்பியபோது, தளத்தின் அடியில் ஈரம் வட்டமாகப் பரவி, ஒரு சொட்டு கனத்து விழுந்தது. போனில் சொன்னேன்.

"மத்ததும் இப்படித்தான் போகும்மா. இன்னைக்கு இல்லாட்டி அடுத்த வருசம்" என்றார் பாய்.

வெளியூரிலிருந்து திரும்பிய முதலாளி முதலில் பாயைத்தான் திட்டினார். பிறகு மண்டபத்துக்கு வந்து மேடையைப் பார்த்தார், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். ஷீட்டும் தூண்களும் இறங்கின. துளைகளை அடைத்துப் புதிதாகப் பூச்சு அடித்து, மண்டபத்துக்கும் புது சீலிங் போட்டார்கள். மண்டபம் கார்த்திகை வரை பூட்டிக் கிடந்தது. மேலாளர் தினமும் ஒரு தடவையாவது, "இனி ஒழுகாதுல்ல? புக்கிங் எடுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். ஒரு நல்ல மழை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றே நான் சொல்லிவந்தேன்.

அந்த மழை ஒரு சாயங்காலம் வந்தது. காலி மண்டபத்தில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நான் நடுவில் நின்றேன். சற்று நேரத்தில் மேலாளரும் வந்து பக்கத்தில் நின்றார். மழை ஓங்கும்போதெல்லாம் அவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சீலிங் வெள்ளையாகவே இருந்தது.

மழை விட்டதும் அவர் புக்கிங் பார்க்கக் கீழே போனார். நான் படியேறி மாடிக்குப் போய், வடிகுழாய் வாயில் அடைந்து கிடந்த வேப்பிலைகளையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் கையால் அள்ளிப் போட்டேன்.