பேஸ்ட்ரி பாஸ் வீட்டில் மா இல்லை

மேலே ஒரு பொலித்தீன் தாள், கீழே ஒரு பொலித்தீன் தாள், நடுவில் குழைத்த அரிசி மா. பார்த்தீபன் உருட்டுக்கட்டையை மூன்று தரம் ஓட்டுகிறார். தாளைத் தூக்கிப் பார்க்கிறார். ஓரத்தில் விட்ட வெடிப்பை ஈர விரலால் ஒட்டுகிறார். எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் மூன்று தரம் ஓட்டுகிறார். வாசலுக்கு யாரும் வரவில்லை. மலையிலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"ஒரு எடத்துல குந்த மாட்டீங்களா?" என்கிறார் மனைவி சிவரூபி, லீக்ஸ் நறுக்கியபடி. "மா ஆறட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. அது பாட்டுக்கு ஆறுது. நீங்கதான் ஆற மாட்டேங்கிறீங்க."

பார்த்தீபனுக்கு நாற்பத்தொரு வயது. பதினேழு வயதில் பதுளையில் ஒரு பேக்கரிக்குத் தட்டுக் கழுவப் போனவர், இன்று அதே இடத்தில் பேஸ்ட்ரி பாஸ், அதாவது தலைமைப் பேஸ்ட்ரிக்காரர். அதிகாலை நான்கு மணிக்கு மேசைமுன் நிற்பார், பகல் ஒரு மணிக்கு இறங்குவார். அதற்குள் நானூறு பேஸ்ட்ரி. பசறை வீதியில் மேலே ஏறிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். கையில் எந்தக் காகிதம் அகப்பட்டாலும் மூன்றாக மடித்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி மூன்றாக மடிப்பார். அவரைப் பற்றி எழுதப் போன நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் பஸ் டிக்கட்டை அப்படி மடித்து, நகத்தால் ஓரத்தை அழுத்தித் திருப்பித் தந்தார். மடித்தது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மகள் மயூரிக்குப் பன்னிரண்டு வயது. கோதுமை அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிறு கொஞ்சம் உப்புவதோடு முடிகிற விஷயமல்ல. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, பிறகு எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. டாக்டர் அதற்கு சீலியாக் என்று பெயர் சொன்னார். சிவரூபி "மா ஆகாத சீக்கு" என்கிறார். இந்தப் பெயரில்தான் நோயின் முழுக் கொடுமையும் இருக்கிறது.

தோட்டங்களில் மா என்றால் கோதுமை மா. அரிசி மா, குரக்கன் மா, கித்துள் மா எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அடைமொழி வேண்டும். கோதுமைக்கு மட்டும் வேண்டாம். கடைக்குப் போய் "ஒரு கிலோ மா" என்றால் எந்த மா என்று யாரும் கேட்பதில்லை. விடிந்தால் அந்த மாவில் ரொட்டி, கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களின் பொட்டலத்திலும் அதே ரொட்டி. ஒரு பொருள் அன்றாடத்துக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டால் அதற்குப் பெயர்கூடத் தேவைப்படுவதில்லை. அப்படிப்பட்ட பொருளிடமிருந்து ஒரு பிள்ளையை மறைத்து வைப்பது எப்படி?

இரண்டு வருடமாக இவர்கள் வீட்டுக்குள் கோதுமை வரவில்லை. பெருங்காய டப்பாவின் பின்புறத்தைப் படித்து, அதில் கோதுமை மா கலந்திருப்பதைக் கண்டு, அதையும் வெளியே எறிந்தார்கள். அப்படியிருந்தும் ஆறு மாதமாக மயூரியின் நிறை இருபத்துநான்கு கிலோவில் நின்றது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், எங்கிருந்தோ இன்னும் கோதுமை போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

எங்கிருந்து என்பதில் பார்த்தீபனுக்குச் சந்தேகமே வரவில்லை. தலையில், காதில், சட்டை மடிப்பில் மாவைச் சுமந்து தினமும் வீட்டுக்கு வருகிறவர் அவர்தானே? மலைத் தண்ணீர் விழும் தோட்டத்துப் பீலியில், மழையோ குளிரோ, குளித்து உடுப்பு மாற்றாமல் வாசற்படி ஏறுவதில்லை. போதாது என்று மொட்டையும் அடித்துக்கொண்டார்.

"என்னா பாஸ், மொட்டை எந்தச் சாமிக்கு?" என்று லயத்தில் கேட்டார்கள்.

"பேக்கரிச் சாமிக்கு."

"புருவத்தையும் எடுக்கப் போனாரு," என்றார் சிவரூபி என்னிடம். "நான்தான் பிளேடப் புடுங்கி வெளிய வீசினேன். கண்ணாடியில பாத்தா அவரே பயந்திருவாரு."

பார்த்தீபன் தன் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த கிளினிக்கில் மயூரியின் நிறை ஏறவில்லை என்றால் பேக்கரியை விட்டுவிடுவது, தோட்டத்தில் தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்து வேலைக்குப் பெயர் கொடுப்பது. "கவ்வாத்துக் கத்தியக் கையில தொட்டிருக்கீங்களா?" என்று சிவரூபி கேட்டாராம். "ரெண்டாவது நாளே வெரலு இருக்காது." அதற்கு அவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். இருபத்துநான்கு வருடம் ஒரே பேக்கரியில் நின்ற மனிதருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. அதைச் சொல்லிக்காட்ட அவரை யாராலும் உட்கார வைக்க முடியவில்லை.

ஞாயிறு தோறும் கோதுமை இல்லாத பேஸ்ட்ரிக்கு முயன்றுகொண்டிருப்பதற்கு வேறு காரணம். மயூரியின் பள்ளிக்கூட கன்டீனுக்கு அவர் பேக்கரியின் பேஸ்ட்ரிதான் போகிறது. "பக்கத்துல குந்தியிருக்கிற புள்ளைங்க எல்லாம் எங்கப்பா போட்டதத் திங்குதுங்க," என்றார். "இவ என்கிட்ட ஒன்னுமே கேட்டதில்ல. ஒரு நாளு கேட்டா. ருசியக் கேக்கல. 'அப்பா, அதுங்க கடிக்கிறப்ப சத்தம் வருதே, அது எப்பிடி வருது?'ன்னு கேட்டா."

அந்தச் சத்தம் அடுக்கிலிருந்து வருகிறது. அடுக்கு, மாவின் இழுவையிலிருந்து வருகிறது. அரிசியில் அந்த இழுவை கிடையாது. "கோதும மா புடிச்சா விடாது. அரிசி மா புடிக்கவே புடிக்காது," என்பது அவர் கணக்கு. அதனால் இடியப்பத்துக்குப் போல அரிசி மாவில் பாதியைக் கொதிநீர் ஊற்றி அவிக்கிறார். மரவள்ளி மா கொஞ்சம் சேர்க்கிறார். பிடிப்புக்கு மருந்துக்கடையில், மலச்சிக்கலுக்கு விற்கும் இசப்கோல் உமி வாங்குகிறார். அரைக் கிலோ கேட்ட முதல் நாள், கடைக்காரர் குரலைத் தாழ்த்தி "எத்தன நாளாப் போகல?" என்று விசாரித்தாராம். குளிர்சாதனப் பெட்டி இல்லை. மாஜரீனை டின்னோடு பீலித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்து இறுக வைக்கிறார். பிறகு மடிப்பு, ஆற வைத்தல், மறுபடி மடிப்பு. முதல் பதினொரு ஞாயிறும் மேசைமேல் வைக்கும் மின் அடுப்பிலிருந்து பேஸ்ட்ரிக்குப் பதில் கடின ஓடுகளே வந்தன. ஒன்றை நாய்க்குப் போட்டார். அது மோந்து பார்த்துவிட்டு அவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

மயூரியின் ரொட்டிக்கும் இடியப்பத்துக்கும் பேஸ்ட்ரிக்கும் வேண்டிய அரிசி மாவை இரண்டு வருடமாகக் கடையில் வாங்குவதில்லை. பையில் என்ன கலந்திருக்கிறதோ என்ற பயம். பச்சரிசி வாங்கிக் கழுவிக் காயவைத்து, பசறையில், எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றழைக்கும் ஸஹாப்தீனின் மில்லில் அரைக்கிறார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். "மொத நாளே கேட்டுட்டேன்," என்றார் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடி. "'நானா, இங்க மா அரைக்கிறீங்களா?'ன்னு. இல்லன்னுட்டாரு."

மில்லில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். அவருடைய துணிப்பையை ஸஹாப்தீன் மெஷின் வாயில் கவிழ்த்தார். வறுத்த தானிய வாசனை எழுந்தது. பார்த்தீபன் மூக்கை உயர்த்தினார். பேக்கரிக்காரரின் மூக்கு.

"அக்கா, அது என்னா?"

"சத்துமா, மகனுக்கு."

"உள்ள என்னா எல்லாம் போட்டிருக்கீங்க?"

அந்தப் பெண் விரல் மடக்கினார். "சிவப்பரிசி, பயறு, சோயா, சோளம், கோதுமை…"

பார்த்தீபன் மெஷினைப் பார்த்தார். அதன் அடியில் தகரப் பாத்திரத்துக்குள் பழுப்பு மா சூடாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்து அதே வாயில் கொட்டவேண்டியது அவர் கையிலிருந்த அரிசி.

"நானா, நான் ஒங்ககிட்ட மொத நாளே கேட்டேன். மா அரைக்கிறீங்களான்னு."

"மா எங்க தம்பி அரைக்கிற?" ஸஹாப்தீன் உண்மையிலேயே திகைத்துப் போனார். "வல்லாஹி, இந்த மெஷின்ல ஒரு நாளும் மா போட்டதில்ல. இது சத்துமா."

"அதுல கோதும இருக்கே."

"கோதும ஈக்கிதான். கோதும வேற, மா வேறதானே?"

இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. மா என்பது கடையில் சாக்கு அவிழ்த்து நிறுத்துத் தரும் வெள்ளைத் தூள். அதை யாரும் மில்லுக்குக் கொண்டுவருவதில்லை. தோலோடு இருக்கும் தானியம் கோதுமை. குழந்தைக்குக் கொடுக்கும் சத்துமா மருந்துக்குச் சமம். மூன்றும் அந்த மில்லில் மூன்று பொருள். பார்த்தீபன் கேட்டது இந்த மலையில் எல்லோரும் கேட்கும் விதத்தில்தான். ஆனால் நோய்க்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியாது. பெயர் எழுதிய டப்பாக்களையெல்லாம் படித்தவர், படிக்கத் தேவையில்லை என்று நினைத்த ஒரு சொல்லில் தவறினார். அதற்காக அவரைக் குறை சொல்வது எளிது. எனக்கும் அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது.

பார்த்தீபன் வெளியே போய் வீதியைப் பார்த்தார். உள்ளே வந்தார். மறுபடி வெளியே போனார்.

"ரெண்டு வருசம்," என்றார். "என் தலையச் செரைச்சேன், நானா. ஒங்க மெஷினயில்ல செரைச்சிருக்கணும்."

ஸஹாப்தீன் சிரிக்கவில்லை. "எனக்குச் சொல்லி இருந்தா நான் புள்ளைக்கித் தனியா மெஷின் கழுவித் தந்திருப்பேனே," என்றார். அரிசியை அரைக்காமலே தூக்கிக்கொண்டு வந்தோம்.

அன்று மாலையே பழைய அரிசி மா முழுவதும் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கோழிகளுக்குப் போயிற்று. மா அரிக்கும் அரிப்பு, உருட்டுக்கட்டை, மேசை அடுப்பின் தட்டு எல்லாம் புதிதாக வந்தன. சின்ன மிக்ஸி ஒன்றில் பிடி பிடியாக அரிசியைப் போட்டு அரைத்தார்கள். அது இரண்டு கிலோவுக்கு ஒரு மணித்தியாலம் கத்தியது. லயத்தில் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள்.

இரண்டு ஞாயிறு கழித்து வந்த பேஸ்ட்ரியை நானும் தின்றேன். வெலிமடைக் கிழங்கும் லீக்ஸும் முட்டையும் வைத்தது. அடுக்கு நான்குதான் பிரிந்தது. பேக்கரியில் அவர் கையில் அதுபோல் பல மடங்கு பிரியும். நாக்கில் லேசாக மணல் தட்டியது. நல்ல பேஸ்ட்ரி என்று சொல்ல மாட்டேன். கடித்தபோது சத்தம் வந்தது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மயூரி கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். "காதுக்குள்ள கேக்குது," என்றாள். "வெளிய கேக்குதா அப்பா?"

"ரோட்டு வரைக்கும் கேக்குது."

"பொய்."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு டின்னில் நான்கு கொண்டுபோனாள். திரும்பி வந்து, "எங்க கிளாஸ் துஷாந்த் சொல்றான், கடை பேஸ்ட்ரிதான் நல்லதாம்," என்றாள். "ஆனா என்னோடதயும் அவன்தான் பறிச்சுத் தின்னான்." பார்த்தீபன் எழுந்து போய்ப் பச்சரிசி ஊறப் போட்டார்.

கிளினிக் நாள் வந்தது. மில்லை விட்டு ஏழு வாரம். பதுளையில் உட்காரும் நீண்ட வாங்கு முழுவதும் ஆட்கள். அவர் நின்றார், நடந்தார், சுவரில் இருந்த அறிவித்தல்களைத் தமிழில் படித்து முடித்துச் சிங்களத்திலும் படித்தார். எங்களை அழைத்த தாதி யாழ்ப்பாணத்து ஞானேஸ்வரி. மயூரியைத் தராசில் ஏற்றி, அட்டையைப் பார்த்து, மறுபடி தராசைப் பார்த்தார்.

"இருபத்தைஞ்சே முக்கால். பரவாயில்லையே, நிறை கூடியிருக்கு."

"இல்லைங்க மிஸ்," என்றார் பார்த்தீபன். "எழுதாதீங்க. தட்டக் கழிக்கணும்."

"என்ன தட்டு?"

பேக்கரியில் மாவை நிறுப்பவர் முதலில் வெறும் தட்டை நிறுத்துக் கழிப்பார். அதை விளக்க அவர் நிற்கவில்லை. நிலத்தில் குந்திவிட்டார். மகளின் சப்பாத்து வாரை அவிழ்த்தார். காலுறைகளை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு அழிறப்பரும் இரண்டு டொபித் தாள்களும் வந்தன. கழுத்து டையைத் தலைவழியே கழற்றினார்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"ஐயா, டை ஒரு பாரமே?" என்றார் தாதி, பேனையைக் கையில் வைத்துக்கொண்டு.

பார்த்தீபன் எழுந்தார். சப்பாத்து இரண்டையும் ஒரு கையில் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளுடைய தலைமயிரில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார்.