குதிரைக்குட்டிக்குப் போட்ட வாய்க்கூடை

காங்கேயத்துக்காரனுக்கு மாட்டைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்ற மண்டைக்கனம் எனக்கு அந்த வயசில் நிறையவே இருந்தது. பல்லைப் பிடித்துப் பார்க்காமலே காளையின் வயசைச் சொல்வேன். சாணியைப் பார்த்து நோயைச் சொல்வேன். சந்தைக்குப் போனால் நரைத்த தலைகள் எல்லாம், "ஒருக்கா இதையும் பாத்துச் சொல்லிப்போட்டுப் போங்க" என்று கூப்பிட்டு நிறுத்துவார்கள். குதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதும் இல்லை.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் அந்தியூர். அவள் அப்பா, அய்யன் என்றுதான் அவள் கூப்பிடுவாள், சவாரிக்கு ஒரு பெட்டைக் குதிரை வைத்திருந்தார். இவளுக்குப் பத்து வயசாக இருந்தபோது அந்த வீட்டிலேயே பிறந்த குதிரை அது. கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தேன். தோளில் போட்டிருந்த என் புதுத் துண்டை அது இழுத்து மென்றுவிட்டது. மச்சினன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் குதிரைக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாசம். தலைப்பிரசவத்துக்காக அவள் தாய்வீட்டில் இருந்த சமயத்தில் அய்யன் இறந்துபோனார். அண்ணன்மார் இரண்டு பேரும் காட்டையும் தோட்டத்தையும் பிரித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைக்குப் பங்கு என்ற பேச்சே அப்போது கிடையாது, இவளும் கேட்கவில்லை. குதிரையை மட்டும் கேட்டாள். அது குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கால்கள்தான் குட்டி, மற்றதெல்லாம் அப்புறம் வந்து சேரும் என்பது மாதிரி ஒரு குட்டி. அய்யன் அதைப் பார்க்காமலே போய்விட்டார் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆடி பொறந்தா இங்க குதிரைச் சந்தை கூடீருமுங்க மாப்ளை. அதுக்குள்ள ஓட்டிட்டுப் போயிருங்க. இல்லீன்னா சந்தைல வித்துப்போடுவோம்" என்றார் மூத்தவர். நான் என் கூண்டு வண்டியைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மனைவியும் கைக்குழந்தையும் குட்டியும். பின்னால் கயிற்றில் தாய்க்குதிரை. வீடு வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து குட்டிக்கு ஒரு வாய்க்கூடை பின்னினேன். கன்றுக்குட்டி நினைத்தபோதெல்லாம் தாய் மடியில் ஊட்டிக் குடிக்காமல் இருக்க மூஞ்சியில் மாட்டுகிற கயிற்றுக் கூடை. தேங்காய் நார்க் கயிற்றில் நெருக்கமாகப் பின்னினேன். தூரம் நடந்த மாட்டின் பால் சூடேறியிருக்கும், அதைக் குடித்தால் கன்றுக்குக் கழிச்சல் கண்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிற விஷயம். வழியில் நிறுத்தி, சூட்டுப் பாலைத் தரையில் பீச்சிவிடுவோம். சாயங்காலம் மாட்டின் உடம்பு ஆறிய பிறகுதான் கன்றை அவிழ்ப்போம். குட்டி உயிரோடு வந்து சேர வேண்டும் என்றுதான் அவ்வளவும் செய்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

அவள் வாய்க்கூடையைப் பார்த்தாள். "ஏனுங்க, குதிரைக்குட்டி மணிக்கு நாலு தடவ குடிக்குமுங்க. எங்கய்யன் வெளியூரு கூட்டீட்டுப் போனா மைலுக்கு ஒருக்கா நிறுத்தி ஊட்ட உடுவாருங்க."

"அப்படிப் போனா தீவாளிக்குத்தான் ஊடு சேருவோம். குட்டி பொழைக்கோணுமா வேண்டாமா? மாட்டப் பத்தி எனக்குத் தெரியாததா?"

"இது மாடு இல்லீங்களே."

"நாலு காலு, ஒரு மடி. பேசாம ஏறு" என்றேன். ஏறிக்கொண்டாள்.

பவானிப் பாலம் தாண்டும்வரை காற்று புழுதியை வாரி அடித்தது. குழந்தை சிணுங்கினால், யாரும் சொல்லாமலே நான் புளியமர நிழலில் வண்டியை நிறுத்துவேன். அவள் திரும்பி உட்கார்ந்து பால் கொடுப்பாள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பேன். அப்படி எத்தனை தடவை நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் குட்டி வாய்க்கூடையோடு அவள் முழங்கையை முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டுதான் வெற்றிலையை மென்றேன்.

மத்தியானம் தாய்க்குதிரையின் மடி கல்லாகிவிட்டது. பால் தானாகவே பின்னங்கால் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. நான் குனிந்து உட்கார்ந்து அவ்வளவையும் மண்ணில் பீச்சினேன். குட்டி என் அக்குளுக்கு அடியில் தலையை நுழைத்தது. முழங்கையால் தள்ளிவிட்டேன். திரும்ப வந்தது, திரும்பத் தள்ளினேன்.

"பசிக்குதுங்க அதுக்கு. ஒரு வாய் குடிச்சுட்டு வரட்டுமுங்க" என்றாள் அவள்.

"சொன்னாக் கேளு" என்றேன்.

அன்று சாயங்காலம் ஈரோட்டுச் சத்திரத்தில், குதிரையின் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாய்க்கூடையைக் கழற்றினேன். குட்டி குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. கழிச்சல் எதுவும் இல்லை. "பாத்தியா?" என்று அவளிடம் கேட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் குட்டியின் வாலைத் தடவிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் வாய்க்கூடையை மறுபடியும் கட்டினேன்.

இரண்டாம் நாள் காற்று நின்றுபோய் வெயில் ஏறிவிட்டது. முன்பகலில் குட்டியை இறக்கி விட்டபோது நின்றது. அடுத்த தடவை முன்னங்கால் மடங்கியது, தூக்கி ஏற்றினேன். வெயிலில் சுருண்டிருக்கிறது, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்றேன். அறச்சலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "நிறுத்துங்க."

அவள் அப்படி என்னை அதட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வாய்க்கூடையை அவிழ்த்து வைக்கோலில் எறிந்தேன். குட்டியை இரண்டு கையாலும் தூக்கித் தாயின் மடிக்குக் கீழே கொண்டுபோனேன். அது வாய் வைக்கவில்லை. அவள் கைக்குழந்தையை வண்டியில் போட்டுவிட்டு ஓடி வந்து உள்ளங்கையில் பாலைப் பீச்சி அதன் நாக்கில் விட்டாள். பால் கடைவாய் வழியாக வெளியே வந்தது. திரும்பத் திரும்ப விட்டாள். வண்டிக்குள் குழந்தை வீரிட்டு அழுதது, நாங்கள் இருவரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் குட்டியின் கழுத்து என் கையில் கனமாகிவிட்டது.

பக்கத்துக் காட்டுக்காரரிடம் மண்வெட்டி வாங்கிப் பனைமரத்தடியில் குழி தோண்டினேன். கன்று செத்தால் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, பால் சுரக்கத் தாய் முன்னால் நிறுத்துவது எங்கள் வழக்கம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். குதிரை கிளம்ப மறுத்துக் கனைத்துக்கொண்டே நின்றது. அவள் இறங்கிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். வீடு வரைக்கும் வண்டியில் ஏறவில்லை.

மறுநாள் வண்டியைக் கூட்டும்போது வைக்கோலுக்குள் வாய்க்கூடை கிடைத்தது. நார்க் கயிறு முள் மாதிரி குத்தும். இதன் அடிப்பக்கம் மட்டும் பஞ்சாக இருந்தது, பிரிபிரியாக வெளுத்து, இன்னும் ஈரம் காயாமல். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குட்டி இரண்டு நாளும் கயிற்றைச் சப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

அவள் எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியவில்லை. "எம் பக்கத்துலதான் இருந்துச்சுங்க. எங் கைக்கு எட்டுற தூரந்தான். நான் கழட்டியிருக்கோணுங்க" என்றாள்.

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்வதற்கு அப்போது ஒரு நிமிஷம் இருந்தது. நான் கூட்டிக்கொண்டே இருந்தேன். பல வருஷம் கழித்துக் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, "நான் கழட்டியிருக்கோணுங்க" என்றாள் ஒருநாள். எதைச் சொல்கிறாள் என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். காய்ச்சலில் ஏதோ உளறுகிறாள் என்று சொல்லிவிட்டேன்.