ஒட்டுக்குக் கீழே வந்த குருத்து

வீட்டில் வைக்க எந்த ரோஜா நல்லது என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். பட்டன் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூக்கும், தலையில் வைத்தால் நிற்காது. ஒட்டு ரோஜா உள்ளங்கை அகலம் பூக்கும். நான் வாங்கியதில் வாசனை கிடையாது. பன்னீர் ரோஜா காலையில் பூத்துச் சாயங்காலம் உதிர்ந்துவிடும், ஆனால் கிணற்றடி முழுக்க மணக்கும். எனக்கு அந்த மணம் ஆகாது.

ஐம்பதுகளில், உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டேன். மூத்தவள் பிரசவத்தில் செத்திருந்தாள். சுமங்கலியாகச் செத்தவளை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். தை மாதம் கிணற்றடியில் கலசமும் புதுப் புடவையும் வைத்து, பூப்போட்டு அவளை வீட்டுக்கு அழைப்பார்கள். பூ, அவள் நட்ட பன்னீர்ச் செடியிலிருந்துதான் வர வேண்டும். பறிக்க வேண்டியவள் நான். அந்த வீட்டில் பாத்திரம், பெட்டி, பசுமாடு எல்லாம் அவள் கொண்டுவந்தது. எனக்கென்று ஒரு செடியாவது வேண்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு?

இரண்டாம் வருஷம் பன்னீர்ச் செடியில் கரையான் ஏறியது. அதையே சாக்காக வைத்து, வேரோடு தோண்டிக் கொளுத்தினேன். காஞ்சிபுரத்துச் செடிக்காரரிடம் சிவப்பு ஒட்டு ஒன்று வாங்கி அதே குழியில் வைத்தேன்.

மாமியார் வந்து பார்த்தார். "வேற எடமே இல்லியா? இன்னாத்துக்கு அவ எடத்துல வச்ச?"

"தண்ணி போற எடம் அதான் அத்தே."

"தண்ணி போவும். அவ போவணுமே."

சிவப்பு மூன்று பூ பூத்தது. பிறகு அடியிலிருந்து ஒரு குருத்து விறுவிறுவென்று கிளம்பியது. செடி கொழிக்கிறது என்று எருவும் போட்டேன். என் முட்டாள்தனம். குருத்து ஏற ஏற, மேலே சிவப்புக் கிளைகள் நுனியிலிருந்து கறுத்தன.

தை நெருங்கிய ஒரு மத்தியானம் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். பன்னீர் வாசனை வந்தது. அந்தத் தெருவில் வேறு எங்கும் பன்னீர்ச் செடி இல்லை. திரும்பினால், குருத்தின் நுனியில் வெளிர் ரோஸ் பூ.

மறுநாளே பஸ் ஏறிச் செடிக்காரரிடம் போனேன்.

"ஒட்டுக்குக் கீய வந்ததா? அத உடனே கிள்ளியிருக்கணும்மா. வுட்டா மேல கீறத தின்னுடும்."

"அடிச்செடி பன்னீரா?"

"பன்னீர்ல யாரு ஒட்டு கட்றா? காட்டு ரோசா அது. சின்னதா, வெள்ளையா பூக்கும்."

"பன்னீர் பூத்துக் கீதே."

"அப்ப பழைய வேர உள்ள வுட்டிருப்ப. போயி தோண்டிப் பாரு."

வந்ததும் தோண்டினேன். பழைய வேர் ஒரு துண்டு கூட இல்லை. குருத்து என் செடியின் அடியிலிருந்தேதான் கிளம்பியிருந்தது. சிவப்பில் ஒரு கிளை இன்னும் பச்சையாக இருந்தது. குருத்தை அறுத்துவிட்டால் அது பிழைக்கும். அரிவாள் எடுத்து வந்தேன்.

புருஷன் செடியண்டை நின்றுகொண்டிருந்தார். துவைகல்லுக்கு இந்தப் பக்கம் நான் நின்றதைக் கவனிக்கவில்லை. என் சிவப்பு பூத்தபோது ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன், குனிந்து, அன்றைக்குப் புதிதாய்ப் பூத்திருந்த பன்னீர்ப் பூவை முகர்ந்தார்.

"வந்துட்டியாம்மே," என்றார்.

இரண்டு வருஷத்தில் அந்தக் குரலில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பூ லேசாக ஆடியது. காற்று இல்லை. நான் அரிவாளைக் கொண்டுபோய்க் கூரையில் செருகினேன்.

அந்தத் தையில் கலசத்துக்கு அந்தக் குருத்தின் பூவைத்தான் பறித்தேன். மாசிக்குள் சிவப்பு முழுக்கக் காய்ந்தது. ஒடித்து அடுப்பில் வைத்தேன்.

எந்த ரகம் நல்லது என்றால் பன்னீர் என்றுதான் சொல்வேன். எரு கேட்காது, வெயிலுக்குச் சாகாது, வெட்டினாலும் வரும். ஆனால் ஏற்கெனவே ஒருத்தி செடி வைத்த குழியில் எதையும் வைக்காதீர்கள்.