பனி என்ற சொல்லுக்கு இரண்டு கை

அன்று காலை பாலர் நேசறிக்கு வந்திருந்தவர்கள் பதினான்கு பிள்ளைகளும் ரீச்சரும் நானும். வராத பிள்ளைகளில் மூன்று பேருக்குக் காய்ச்சல். ஒருவனுடைய குடும்பம் முதல்நாள்தான் சட்டிபானைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்தது. இன்னொருவரும் வரவில்லை: சின்னவள் என்று நாங்கள் கூப்பிட்ட பிள்ளையின் தாய். இடாப்பில் அவருக்குப் பெயர் கிடையாது. ஆனாலும் ஐந்து மாதமாக ஒருநாள் தவறாமல் மகளோடு வந்து, வேப்பமரத்தடியில் வலையொன்றை மடியில் போட்டுக் கிழிசல் பொத்திக்கொண்டு, நேசறி விடும்வரை இருப்பார். அன்றைக்குத்தான் முதன்முறையாக மகளின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்து, "சங்கக்கடையிலை மண்ணெண்ணெய் குடுக்கிறாங்களாம் தம்பி. கியூவிலை நிண்டு வாங்கிக்கொண்டு ஓடியாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். படலையடியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னர் யாரும் பேனா பிடித்ததில்லை. அப்பா எதற்கும் பெருவிரலைத்தான் மையில் தோய்ப்பார். நான் உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் நின்றபோது, பங்குச் சுவாமியார் கோவில் வளவிலிருந்த நேசறிக்கு என்னை உதவி ஆசிரியராக அனுப்பினார். கரையில் அது பெரிய பகிடியாகிவிட்டது. "ஏலெவல் படிச்ச துரை, குஞ்சுகுருமனுக்கு மூக்குச் சீந்திவிடப் போறார்" என்று சித்தப்பா வலையை உதறிக்கொண்டே சொன்னார். "சிரியுங்கோ. உங்கடை பெடியன்ரை மூக்கும் என்னட்டைத்தான் வரும்" என்றேன். அடுத்த தை மாதமே வந்தது. மின்சாரம் இல்லாமற்போன இரண்டாம் வருடம் அது. ஐஸ் ஆலை பூட்டிக் கிடந்தது. கடலில் இவ்வளவுதூரம்தான் போகலாம் என்று கடற்படை எல்லை போட்டிருந்தது. பிள்ளைகள் பாதிப்பேர் வெறும் வயிற்றோடுதான் வந்தார்கள். ரீச்சர் வீட்டிலிருந்து மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவருவார். முதலில் கிழங்கு, பிறகுதான் பாட்டு.

ரீச்சருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். சாயம் போன நூற்சேலை, அதன் முந்தானை முடிச்சில் எப்போதும் இரண்டு வெண்கட்டித் துண்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சின்னவளை அவர் சேர்த்துக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. ஐந்து வயதாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. "ரெண்டு இடத்திலை கேட்டுப் பாத்திட்டன் ரீச்சர். ஊமைப்பிள்ளையை வைச்சு என்ன செய்யிறது எண்டினம்" என்றார் தாய். பிறகு குரல் தணிந்தது. "எழுத்துப் படிப்பு வேண்டாம். குண்டு போடப் பொம்பர் வந்தால் இவளுக்கு ஆர் சொல்லுறது? சத்தம் கேக்காமல் முத்தத்திலை நிண்டு விளையாடுவாள். நான் கிணத்தடிக்குப் போனாலும் இவளை இழுத்துக்கொண்டுதான் போறன். அந்த ஒண்டை மட்டும் சொல்லிக் குடுத்துவிடுங்கோ." ரீச்சர் இடாப்பைத் திறந்து பெயரை எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். "அதையும் சொல்லிக்குடுப்பம். மற்றதையும் சொல்லிக்குடுப்பம். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

கைப்பேச்சு எங்கள் இருவருக்கும் தெரியாது. சொல்லித்தர ஆளும் இல்லை. ஆகவே நாங்களே சொற்களைச் செய்தோம். ஒற்றைறூள் கொப்பி ஒன்றில், பக்கத்துக்கு ஒரு சொல்லாக, கை எப்படி இருக்கவேண்டும் என்று நான் படம் கீறி வைத்தேன். முதற்பக்கத்தில் பொம்பர்: வலக்கையைத் தட்டையாக விரித்து உச்சந்தலைக்கு மேலால் ஒரே இழுவை. அதைக் கண்டால் வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, ஓடவேண்டும். ரீச்சரின் கட்டளை, எல்லாப் பிள்ளைகளும் எல்லாச் சொற்களையும் பழகவேண்டும் என்பது. "அவளுக்கு மட்டும் சொல்லிக் குடுத்தால் அவள் ஆரோடை கதைக்கிறது?" என்று கேட்டார். இரண்டு கிழமையில் பதினெட்டுப் பேரும் கையால் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சித்தப்பாவின் மகன் வீட்டிலும் கையாலேயே சோறு கேட்டு அடி வாங்கினான். உண்மையாகவே பொம்பர் வந்த முதல்நாள், இவன்தான் சின்னவளின் முன்னால் பாய்ந்து தலைக்கு மேலால் கையை இழுத்தான். அவள் அவனை முந்திக்கொண்டு ஓடி, பங்கருக்குள் முதல் ஆளாகக் குந்தியிருந்தாள். குண்டு தூரத்தில் எங்கோ விழுந்தது. தாய் வேப்பமரத்தடியிலிருந்து வலையோடு ஓடிவந்து, உள்ளே மகளைக் கண்டதும் சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் நின்றார்.

மார்கழி பிறக்கச் சுவாமியார் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தார். வெளிநாட்டுக் கோவிலொன்று அனுப்பியது, எத்தனையோ மாதம் வழியில் கிடந்தது. உள்ளே நிறப் பென்சில், கையுறை ஏழு (ஒன்றுக்குச் சோடி இல்லை), குளிர்காலத்தில் பாலர் வகுப்பில் செய்யக்கூடிய விளையாட்டுகள் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று. கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, நடக்கமாட்டாத பிள்ளை, ஒருவரும் ஒதுங்கி நிற்காதபடி ஒவ்வொரு விளையாட்டையும் எப்படி மாற்றலாம் என்று அதில் எழுதியிருந்தது. ரீச்சர் அந்த வரிகளின் கீழெல்லாம் பென்சிலால் கோடிட்டார். "எங்களுக்கெண்டே எழுதினமாதிரி இருக்கு. தம்பி, இதை வடிவாத் தமிழிலை எழுதித் தாரும்" என்றார். நான் அகராதியோடு மூன்று நாள் இருந்தேன். எழுதியதெல்லாம் சரியென்றுதான் நினைத்தேன். முதல் வகுப்பிலேயே முதற் சொல் காலை வாரிவிட்டது. "அந்த நாடுகளிலை இப்ப பனி விழும்" என்றேன். "எங்கடை வீட்டிலையும் விழும்" என்றான் ஒருவன். "பனியிலை நிண்டால் தடிமன் வருமெண்டு அம்மா துவாய் கட்டிவிடுறவ." எங்கள் ஊரில் பனி என்பது விடியப்புறம் வள்ளத்துப் பலகையை நனைப்பது. வெண்பனி என்று திருத்திச் சொன்னேன், ஐஸ் மாதிரி என்றேன். ஐஸ் என்றதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மீனவர் பிள்ளைகள் அல்லவா. "அப்ப அங்கை மீன் பழுதாகாதே" என்றான் சித்தப்பாவின் மகன். "ஐஸ்சும் வானத்திலையிருந்து சும்மா விழுகுதாம்! எங்கடை அப்பாவை அங்கை அனுப்புவமே?" ரீச்சர் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கிழமை நேசறி குளிர்நாடாயிற்று. கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பைச் சுளகில் பரப்பி, அதில் விரலால் படம் கீறினார்கள். இலவங்காயை உடைத்துப் பஞ்சு பறக்கவிட்டார்கள். பாலன் குடிலுக்கு வைக்கிற பஞ்சைத் தொட்டு அடி வாங்கிய பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. கரையில் ஒதுங்கிய உடைந்த வெள்ளை றெஜிபோம் மிதவைகளை அடுக்கிப் பனிமனிதன் செய்தோம். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பிய பொடியனைப் பனிமனிதர்களுக்கு அரசனாக்கினோம், ஏனென்றால் பனிமனிதர் ஓடவே கூடாது என்பது சட்டம். அன்றுதான் அவன் ஒரு விளையாட்டில் முதன்முறையாக வென்றான். "பனி விழுது" என்ற விளையாட்டுக்கு மட்டும் கொப்பியில் சொல் இருக்கவில்லை. நான் செய்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி, விரல்களை அசைத்து அசைத்துக் கீழே இறக்குவது. அதைக் கண்டதும் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று, முகத்தை வானத்துக்கு உயர்த்தி, உள்ளங்கைகளை விரித்துப் பனியை ஏந்தவேண்டும். சின்னவளைப்போல அதை யாரும் செய்யவில்லை. கண்ணை மூடி, நாக்கையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். தாய் வேப்பமரத்தடியிலிருந்து பார்த்து, "பாருங்கோவன் கள்ளியை, பனியைத் தின்னுறாள்" என்பார். சில நாளில் தாயும் வலையை வைத்துவிட்டுக் கையை ஏந்தினார். மகளைத் தனியே விட்டுப் போகலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது அந்தக் கிழமையில்தான்.

அடுத்த கிழமை, நான் முதலிற் சொன்ன நாள். பத்து மணியிருக்கும். உப்பில் விளையாடி முடித்த பிள்ளைகள் விறாந்தையில் இருந்தார்கள். சின்னவளுக்கு விரலில் ஒரு கீறல். உப்புப் பட்டு எரிகிறது என்று காட்டினாள். கிணற்றடி வாளியில் கழுவிவிட்டு வா என்று நான்தான் கையால் சொல்லி அனுப்பினேன். இருபது அடி தூரம். பொம்பரின் சத்தம் அன்று முன்னறிவித்தல் இல்லாமல் தலைக்கு மேலேயே வந்தது. ரீச்சர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பங்கருக்கு ஓடினார். நான் கால் சூம்பிய பொடியனைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இறக்கிவிட்டுத் திரும்பினேன். சின்னவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாளிக்குள் கையை அலம்பிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு எட்டு வைத்திருப்பேன். அவள் தானாகவே திரும்பி என்னைப் பார்த்தாள். பொம்பர் குண்டு போடத் தாழப் பதியத் தொடங்கிவிட்டது. ஓடிவர நேரமில்லை, நிலத்தில் விழுந்து படுக்கவேண்டும். படு என்பதற்கு நாங்கள் சொல் செய்திருக்கவில்லை. ஓடு என்றொரு சொல் இருந்தது, நித்திரை என்றொரு சொல் இருந்தது, குண்டு விழும்போது படு என்றொரு சொல் அந்தக் கொப்பியில் இல்லை. நான் வாயால் "படு! படு!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக் கீழே கீழே என்று அமர்த்திக் காட்டினேன். கை நடுங்கியது. விரல்களும் நடுங்கியிருக்கும்.

அவள் சிரித்தாள். நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று, முகத்தை வானத்துக்கு உயர்த்தி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள்.

குண்டு விழுந்தது மதிலுக்கு வெளியே, ஒழுங்கையில். புழுதி அடங்கியபோது அவள் கிணற்றுக்கட்டோடு சாய்ந்து இருந்தாள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. வலக்கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. ரீச்சர் தன் சேலையைக் கிழித்துக் கட்டினார். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். முச்சந்தியில் ஒரு தட்டிவான் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தாய் வந்தபோது கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றார். அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "பக்கத்து வளவிலை நிண்ட சனம் சொல்லுது, பிள்ளை கையை ஏந்திக்கொண்டு நிண்டதாம். ஏன் நிண்டவள்? பொம்பர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?" நான் வாயைத் திறந்தேன். ரீச்சர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். "நான்தான் காட்டினனான். பதட்டத்திலை பிழையாக் காட்டிப்போட்டன். பனியெண்டு நினைச்சிட்டாள்" என்றார். தாய் ரீச்சரின் பக்கம் திரும்பினார். "உங்களை நம்பியெல்லோ விட்டிட்டுப் போனனான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ரீச்சரோடு கதைக்கவேயில்லை.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீர் இளம்பெடியன். இந்தக் கரையிலை இருந்து படிச்சு வந்த ஒரு ஆள். உம்மட்டை இனிப் பிள்ளையளை விடமாட்டினம். எனக்கென்ன, இன்னும் எத்தினை வருசம்?" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. மறுக்கவேண்டும் என்று தெரிந்தும் பேசவில்லை என்பதை இங்கே எழுதவேண்டும். கரை முழுவதும் ரீச்சரைத் தூற்றியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். மாசி மாதம் நேசறியைப் பூட்டினார்கள். இரண்டு வருடத்தில் ரீச்சர் நோயில் விழுந்தார், மருந்து கிடைக்கவில்லை. செத்தவீட்டுக்குச் சின்னவளின் தாய் வரவில்லை. நான் பிரேதப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது நான் நல்லூர்ப் பக்கம் ஒரு ரியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் "மாஸ்ரர்" என்று எழுந்து நிற்கும்போதெல்லாம், அந்த மரியாதை இன்னொருவரிடமிருந்து எடுத்தது என்று தோன்றும். போன மாதம் ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னவளின் வீட்டுக்குப் போனேன். தாய் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த மீனை வைக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "அந்த மனுசியை நான் கடைசிவரைக்கும் மன்னிக்கேல்லைத் தம்பி" என்றார். பிறகு, "உம்மை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். முதல்தடவையாக என்னை நீங்கள் என்னாமல் உம் என்று சொன்னார். கையிலிருந்த மீனைப் பாயில் போட்டார். "அந்தக் கொப்பி கிடக்கோ?" என்று கேட்டார்.

மறுநாள் கொண்டுபோனேன். சின்னவளுக்கு இப்போது ஒன்பது வயது. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்து, இடக்கையால் நெற்றியில் தட்டினாள். அது என் பெயர். மூவரும் பாயில் இருந்தோம். "இதிலை எத்தினையை இவளாலை இனிச் சொல்லேலும் எண்டு எண்ணிப் பாரும்" என்றார் தாய். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் காட்ட, அவள் இடக்கையால் செய்தாள். பொம்பர், அம்மா, மீன், சோறு, இல்லை, வா: இவற்றுக்கு ஒரு கை போதும். வள்ளத்துக்கு இரண்டு கையும் சேர்ந்து குவியவேண்டும். அவள் இடக்கையைக் குவித்து, மற்றப் பக்கத்தில் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். "அரைவாசிதான் வருது, வட்டம் போடும்" என்றார் தாய். வட்டம் போட்டேன். வலை, வீடு, பூ, மழை, கூட்டாளி. பனிப் பக்கம் வந்தபோது அவள் கொப்பியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கவில்லை, வட்டத்தை மட்டும் போட்டேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் தாய் கூட்டிச் சொல்லச் சொன்னார். இரண்டுதரம் எண்ணினேன். கொப்பியில் எல்லாமாக நாற்பத்துமூன்று சொற்கள். போனவை இருபத்தெட்டு.