ஏழு பூச்சு சைக்கிள்

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது திருச்சியில், வீடு ஸ்ரீரங்கத்தில். நடுவில் ஓடிய பஸ் தன் இஷ்டத்துக்கு ஓடியது. அதனால் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். சக்கரமும் செயினும் தேறின. பிரேம்தான் துருப்பிடித்து, தொட்டால் கையோடு வந்தது.

பாலக்கரையில் ஒரு பாய் பிரேமுக்குப் பெயிண்ட் அடித்து, பெரிய அடுப்பில் வைத்துச் சுட்டுக் கொடுப்பார். ரெண்டே நாளில் தருவதாகவும், கல் மாதிரி நிற்கும் என்றும் சொன்னார். முடிவு செய்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் நான் எடுத்த முடிவு என்றைக்கு நிலைத்திருக்கிறது?

பொன்மலைக்கு அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் அம்மா இதை உளறிவிட்டாள். அக்காவின் புருஷன், என் அத்தான், ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டதென்று ஒரு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காதவர்; அக்காவையும் அனுப்பவில்லை. அம்மா மாதம் ஒருமுறை போய் மகளைப் பார்த்துவிட்டு, வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வருவாள். மணப்பாறை முறுக்கையாவது கடித்துவிடலாம்; மாப்பிள்ளை முறுக்கு யார் பல்லுக்கும் அடங்காது.

அடுத்த ஞாயிறு டப்பாவும் பிரஷ்ஷுமாக அத்தான் வாசலில் நின்றார். பின்னால் அக்கா. பத்திரிகையில் பட்ட அவமானத்தைக்கூட விழுங்கிவிட்டார். மச்சினன் சைக்கிளை அடுப்பில் வைப்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

"இரும்பு என்ன அப்பளமா தம்பி, சுட்டு எடுக்க?" என்றார்.

ரயில் பெட்டிக்கு ஏழு பூச்சு என்றால் என் சைக்கிளுக்கும் ஏழு பூச்சாம். வாரத்துக்கு ஒன்று. முதல் ஞாயிறு சுரண்டுவதிலேயே போனது. பிறகு ஒவ்வொரு வாரமும் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு பூச்சு பூசி, உலர்ந்ததும் மேல் குழாயில் சாக்பீஸால் தேதி எழுதுவார். பட்டறையில் அப்படித்தானாம். பிரேம் கிணற்றடிக் கொய்யா மரத்தில் தொங்கியது. நான் பஸ்ஸில் தொங்கினேன். மேலதிகாரி என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நான் வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

நாலு பூச்சு முடிந்த வாரம் பொறுமை போயிற்று. பிரேமை பாயிடம் கொடுத்தேன். சுடுவதற்கு முன் பழைய பெயிண்ட் முழுவதையும் எரித்து எடுத்துவிடுவார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாலு பூச்சும் மேலிருந்த தேதியும் போயின. ரெண்டே நாளில் சைக்கிள் கண்ணாடியாக மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார், பார்த்தார். காபியைக்கூடத் தொடாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அம்மா மட்டும் ஞாயிறுதோறும் இரண்டு டம்ளர் அரிசி கூடுதலாகப் போட்டாள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாவது ஞாயிறு ஒரு கல்லை எடுத்து, அந்தப் பளபளப்பின் மேல் நாலு இடத்தில் நானே கீறினேன். பாய் பொய் சொல்லவில்லை, லேசில் கீறல் விழவில்லை. பிறகு பொன்மலைக்கு மிதித்தேன்.

அத்தான் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். அது எப்படி விழுந்தது என்பது பெயிண்டருக்குத் தெரியாமலா இருக்கும்?

"இது மேல பெயிண்ட் பிடிக்காது. முழுக்கத் தேய்க்கணும். அப்புறம் ஏழு வாரம் ஆகும்," என்றார்.

"ஆகட்டும் அத்தான்."

உள்ளே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"டப்பாவெல்லாம் உங்க வீட்லதானே இருக்கு. வர ஞாயித்துக்கிழமை நாங்களே வந்துடறோம்," என்றார், டப்பாக்களுக்காக மட்டுமே வருகிறவர் போல.

அடுத்த ஞாயிறு பிரேம் கொய்யா மரத்துக்குத் திரும்பியது. திங்கட்கிழமை மறுபடியும் பஸ்ஸில் தொங்கினேன்.