முன்கண்ணாடி மாட்டிய அன்று எங்கள் மதினி

மதினியின் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்டபோது, "உள்ளதைத்தான் எழுதுவேன், சம்மதமா?" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கும் தெரிந்த செய்திதான். எங்கள் அண்ணனைக் கைப்பிடித்து மதினி தென்காசி வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாள் முதல் எனக்கு அவர்கள்மேல் பொறாமை. அவர்களுக்கும் என்மேல் அப்படியே.

மதினி பிறந்தது சிவகிரியில், ஒரு விவசாயக் குடும்பத்தில். சிறு வயதிலேயே தாயை இழந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர்கள் அவர்கள்தான். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எங்கள் அப்பா காலமாகியிருந்தார்கள். பட்டாளத்து ஏலத்தில் வந்த ஒரு பழைய பிக்கப் வண்டியை வைத்துக்கொண்டு, குற்றாலத்து லாட்ஜுகளுக்குக் காய்கறியும் வாழையிலையும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார் அண்ணன். குடும்பமே அந்த வண்டியை நம்பித்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பு அண்ணனுக்குக் கூடமாட நின்றவள் நான். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, சரக்கு இறக்கியபின் வண்டியைக் கழுவுவது எல்லாம் என் வேலை. அருவிக்குப் போகும்போது அண்ணன் பக்கத்து இருக்கை எனக்குத்தான். மதினி வந்த பிறகு நானும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து சாரலில் நனைந்துகொண்டு போனோம். அண்ணன் பூ வாங்கி வந்தால் என் கண் மதினியின் கொண்டையைத்தான் அளக்கும். தெருவில் யாராவது, "ஒங்க வீட்டு மருமவ தங்கமான புள்ள" என்று சொல்லிவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. சமையலும் அவர்களுக்கு நன்றாக வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம். சீசனில் நல்ல கூட்டம். குற்றாலத்திலிருந்து அண்ணன் திரும்பி வரும் வழியில், காற்றில் ஒடிந்த மரக்கிளை வண்டியின் முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. பழைய கண்ணாடி சில்லுச் சில்லாக உடைந்து முகத்தில் தெறித்தது. டாக்டர் துகள்களை எடுத்துவிட்டு, பார்வைக்குப் பயமில்லை, ஆனால் ஒரு வாரம் இரண்டு கண்களையும் கட்டியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடி மாட்டித் தர, சீசன் முடியட்டும் என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். அதற்குள் வேறொரு வண்டிக்காரர் லாட்ஜ் லாட்ஜாகப் போய், சரக்கை இனி தானே தருவதாகப் பேச ஆரம்பித்திருந்தார். வண்டி ஓட்டத் தெரிந்த தன் தம்பிக்கு மதினி ஆளனுப்பினார்கள். மறுநாள் காலையில் வருவதாகப் பதில் வந்தது. மதுரையில் அளவு கொடுத்து வெட்டிய புதுக் கண்ணாடியை, செங்கோட்டைக்குப் போகிற உறவினர் ஒருவர் ரயிலிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அடிக்கிற சாரலில் கண்ணாடி இல்லாமல் வண்டி எடுக்க முடியாது. மாட்டுவதற்கு நானும் மதினியும்தான் இருந்தோம்.

அண்ணன் கண்கட்டோடு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டினோம். ரப்பரின் பள்ளத்தில் மெல்லிய நூல் கயிற்றைச் சுற்றிலும் பதித்துச் சோப்புத் தண்ணீர் தடவினோம். இனி ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை அமுக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே இருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் ஓரம் தகரத்தைக் கவ்விக்கொள்ளும்.

"உள்ள யாரு உக்காருதது?" என்று கேட்டேன்.

"ஒன் மதினி உக்காரட்டும். நீ வெளிய நின்னு அமுக்கு" என்றார் அண்ணன்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸ்பானரைத் தொட்டுப் பார்க்காதவர்கள் உள்ளே, நான் சாரலில்!

மதினி கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்கள். கயிறு மட்டும் கையோடு வந்தது, ரப்பர் அசையவில்லை. எடுத்து மறுபடியும் வைத்தோம். இந்தத் தடவை கீழ்ப்பக்கம் உட்கார்ந்தது. மூலைக்கு வந்ததும் கண்ணாடி மொத்தமாக என் பக்கம் சரிந்தது. நெஞ்சைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.

"என்ன சத்தம்? ஒடஞ்சிட்டா?" என்று அண்ணன் பதறி எழுந்தார்.

"ஒண்ணும் ஒடயல, நீங்க உக்காருங்க அத்தான்" என்று சொல்லிக்கொண்டே மதினி இறங்கி வந்தார்கள். கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ உள்ள ஏறு. எனக்கு இது பிடிபடல. நான் அமுக்குதேன்" என்றார்கள்.

"அண்ணன் ஒங்களத்தான உள்ள இருக்கச் சொன்னாவ?" என்றேன், விடாமல்.

"அவியளுக்குக் கண்ணு கட்டியிருக்கு. எனக்குத் தெரியுதுல்லா? ஏறுட்டி."

ஏறினேன். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். நான் இழுக்கும் இடத்துக்கு நேராக மதினியின் உள்ளங்கை வெளியே நகர்ந்து வந்தது. வயலில் வேலை பார்த்த கை. அந்த அமுக்கு எனக்கு வந்திருக்காது. நான்கு மூலையும் கவ்விக்கொண்டன. அண்ணன் தட்டுத்தடுமாறி வந்து, விரலால் ரப்பரைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

"இது யாரு வேல?"

நான் வாயைத் திறக்குமுன் மதினி, "ஒங்க தங்கச்சி வேலதான்" என்றார்கள். அதைச் சொல்லும்போது குரலில் அவ்வளவு இனிப்பில்லை. அண்ணன் பாராட்டிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பிடித்தது மதினியின் கையை. மதினியும் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

பிறகு என் காதருகே வந்து, "இன்னக்கி மட்டும்தான், கேட்டியா? நாளைக்கு முன்னால நான்தான்" என்றார்கள். சொன்னபடியே மறுநாள் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குற்றாலம் போய், ஒவ்வொரு லாட்ஜிலும் தானே இறங்கிச் சரக்கை ஒப்படைத்தார்கள். ஒரு லாட்ஜும் கைவிட்டுப் போகவில்லை. அன்றும் ஊரே மதினியைத்தான் மெச்சியது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் நான் வாசுதேவநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். என் வீட்டுக்காரர் நோயில் விழுந்தபோது மதினி வந்து தங்கி என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கிளம்பிய அன்று பிள்ளைகள் அழுததில் எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அண்ணன் மறைந்த பிறகு வண்டித் தொழிலை விடாமல் நடத்தி, மூன்று பிள்ளைகளையும் கரையேற்றினார்கள்.

கடைசி நாள்களில் ஆஸ்பத்திரியில், அறைக்குள் ஒருவர்தான் இருக்கலாம் என்றார் நர்ஸ். மதினி என்னைக் கைகாட்டினார்கள்.

"நான் மகள்லா, அம்மா?" என்றாள் மூத்தவள்.

"ஒங்க அப்பாவப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்? இவகிட்டத்தான் பேச முடியும்" என்றார்கள் மதினி.

அன்று மாலை முழுவதும் அண்ணனைப் பற்றியே பேசினோம். அவருக்கு யார்மேல் பிரியம் அதிகம் என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மருத்துவம் பார்த்த டாக்டருக்கும், இரவு பகல் பாராத நர்சுகளுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும், சிவகிரியிலிருந்து வந்து தோள்கொடுத்த தம்பி குடும்பத்தாருக்கும் நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். என் பங்குக்கு இன்னொரு நன்றியும் உண்டு. அன்று அந்த அறைக்கு வெளியே, என்மேல் பொறாமையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்த மகளுக்கு.