இடார்சியில் இறங்கினேன்

எழுபதுகளில் வளைகுடாவில், ராஸ் அல் கைமாவின் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் டிராஃப்ட்ஸ்மேன். கேம்ப்பில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவர் எலக்ட்ரீஷியன், மத்தியப் பிரதேசத்து இடார்சிக்காரர். நம் ஆட்களுக்கு இடார்சி என்றால் டில்லி போகும் வழியில் வண்டி வெகுநேரம் நிற்கும் இடம். பூரி வாங்குவோம், கூஜாவில் தண்ணீர் பிடிப்போம், அவ்வளவுதான்.

"பாய், உங்க ஊர்ல பிளாட்பாரத்தத் தவிர வேற என்ன இருக்கு?" என்று நான் வாரினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெள்ளிக்கிழமைகளில் துணி துவைத்தபடியே இந்தியில் ஊரை வர்ணிப்பார். ஸ்டேஷனுக்குப் பின்னால் தேக்குமரக் கடைகள், காலையில் அவலும் ஜிலேபியும், கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஆடும் வீடு. எங்கே ஆரம்பித்தாலும் மகளிடம் வந்து நின்றுவிடுவார். அவர் வளைகுடாவுக்கு வந்தபிறகு பிறந்தவள், இன்னும் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் கபீலிடம், விசா கொடுத்த அரபு முதலாளியிடம், இருந்தது. லீவுக்கு இன்னும் ஒரு வருஷம்.

அந்த முறை லீவில் நான் டில்லியில் அக்காவைப் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறுவதாக இருந்தது. "வண்டி நிக்கறப்ப பொண்ணக் கொண்டாந்து காட்டுவாங்க. நல்லா பாத்துட்டு வந்து சொல்லு, பாய்" என்றார்.

சொன்னபடியே அவர் மனைவியும் அப்பாவும் டிபன் கேரியரோடு பிளாட்பாரத்தில் நின்றார்கள். குழந்தையோ அம்மாவின் தோளில் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினாள், சிணுங்கிவிட்டு இன்னும் புதைந்துகொண்டது. கார்டு விசில் ஊதிவிட்டான். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. போய் என்னத்தைச் சொல்வது, குழந்தையின் முதுகையா? எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தேக்குமரக் கடைகள் இருந்தன. டம்ளர்கள் ஆடத்தான் செய்தன. குழந்தை விழித்ததும் என்னைப் பார்த்து வீறிட்டது. மறுநாள் காலையில்தான் சமாதானமாகி, ஜிலேபிப் பாகு வழியும் கையை என் வெள்ளைச் சட்டையில் அழுந்த வைத்தது. மெட்ராஸில் அம்மா அதைத் துவைக்கப் போடப் போனாள். பிடுங்கிப் பெட்டியில் வைத்தேன்.

திரும்பி வந்ததும் அவர் கேட்டார்: "வண்டி சீக்கிரம் எடுத்துட்டானா?"

"வண்டி போயிருச்சு பாய். நான் போகல" என்று சட்டையை விரித்தேன்.

ஐந்து விரலும் தெரிந்தன. அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். "இவ்ளோ பெருசாயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

அந்தச் சட்டையை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.